ஏரியில் சேர்ந்த மண்

சண்டிகருக்குப் போகிறவர்கள் சாயங்காலம் ஆனால் சுக்னா ஏரிக்கரைக்கு வந்துவிடுவார்கள். லெ கார்புசியே திட்டமிட்ட அந்த நகரத்துக்காக 1958இல் ஒரு காட்டோடையை மறித்துக் கட்டிய ஏரி அது. படகுச் சவாரி உண்டு, நீளமான நடைபாதை உண்டு, குளிர்காலத்தில் தூரதேசப் பறவைகள் வந்து இறங்கும். இந்த அழகுக்கு ஆயுசு அதிகம் இல்லை என்பது 1970களின் நடுவில் தெரிந்தது. கட்டி இருபது ஆண்டுகூட ஆகவில்லை. அதற்குள் கொள்ளளவில் பாதிக்கு மேல் வண்டல் அடைத்துவிட்டது. தூர் வாரினார்கள். வாரிய இடத்தில் அடுத்த மழைக்காலம் மறுபடி மண்ணைக் கொண்டுவந்து கொட்டியது.

மண் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கும் வேலை பி.ஆர். மிஸ்ராவிடம் வந்தது. மத்திய மண், நீர் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் சண்டிகர் மையத்தில் அவர் விஞ்ஞானி. அவரும் உடனிருந்தவர்களும் ஓடையைப் பிடித்துக்கொண்டே மேலே போனார்கள். தடம் சிவாலிக் மலையடிவாரத்தில், இன்றைய ஹரியானாவின் பஞ்ச்குலா மாவட்டத்தில் உள்ள ஒரு சிற்றூரில் போய் நின்றது. சுக்கோமாஜ்ரி. அறுபது வீடு இருக்கலாம். பெரும்பாலும் குஜ்ஜர்கள், ஆடு மாடு மேய்க்கும் குடி. ஊருக்குப் பின்னால் இருந்த மலை மொட்டையாகக் கிடந்தது. 1976 கணக்குப்படி ஒரு ஹெக்டேருக்கு 13 மரம்.

சிவாலிக் குன்றுகள் பூமியின் வயதைப் பார்த்தால் நேற்றுப் பிறந்தவை. நம் கிழக்குத் தொடர்ச்சி மலைபோல இறுகிய பாறை அங்கே கிடையாது. இமயத்திலிருந்து ஆறுகள் கொண்டுவந்து குவித்த மணலும் களிமண்ணும் கூழாங்கல்லும் சேர்ந்து எழுந்த மேடுகள். கையால் நோண்டினால் உதிரும். ஆண்டு மழையில் பெரும்பங்கு மூன்றே மாதத்தில் கொட்டித் தீர்த்துவிடும்.

பெரிய மழைத்துளி ஒன்று தரையைத் தொடும்போது அதன் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 9 மீட்டர். வெறுந்தரையில் அது விழுந்தால் மண்கட்டி உடைகிறது, துகள்கள் தெறிக்கின்றன, தெறித்தவை பக்கத்தில் உள்ள நுண்துளைகளில் போய் அடைத்துக்கொள்கின்றன. சாணம் போட்டு மெழுகிய திண்ணைபோல மேல்மண் ஆகிவிடும். அதற்குப் பிறகு பெய்யும் மழைக்கு உள்ளே இறங்க வழி இல்லை. சரிவில் ஓடத்தான் வேண்டும், ஓடும்போது மண்ணையும் கூட்டிக்கொண்டுதான் போகும். அதே இடத்தில் ஒரு சாண் உயரத்துக்குப் புல் இருந்திருந்தால் துளியின் அடியைப் புல்லே வாங்கிக்கொள்ளும். வேர்கள் போட்டு வைத்த வழியில் தண்ணீர் இறங்கும். ஏரி தூர்ந்ததற்குக் காரணம் இவ்வளவுதான். மலையில் புல் இல்லை. புல் இல்லாததற்குக் காரணம் ஆடு.

ஆட்டை விரட்டினால் போதும் என்று தோன்றும். அப்படித்தான் அரசும் நினைத்தது, அதுவும் நேற்று இன்று அல்ல. சிவாலிக் மலைச்சரிவுகளில் மேய்ச்சலுக்கும் வெட்டுக்கும் தடை போட 1900ஆம் ஆண்டிலேயே பஞ்சாப் நிலப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. முக்கால் நூற்றாண்டு அந்தச் சட்டம் புத்தகத்தில் இருந்தது, ஆடு மலையில் இருந்தது. மிஸ்ராவின் ஆட்களும் முதலில் வழக்கமான வேலையைத்தான் செய்தார்கள். சரிவில் அகழி வெட்டினார்கள், கன்று நட்டார்கள், ஓடைகளில் சிறு தடுப்புகள் கட்டினார்கள். கன்றை ஆடு கடித்தது. ஊர்க்காரர்களுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. சண்டிகர்க்காரர் படகு விட வேண்டும் என்பதற்காக நாங்கள் ஆட்டைப் பட்டினி போட வேண்டுமா என்று அவர்கள் கேட்டிருந்தால் அதற்கு யாரிடமும் பதில் இருந்திருக்காது.

அவர்கள் நிலையில் இருந்து பார்த்தால் ஆடு வைத்திருப்பது சுத்தமான புத்திசாலித்தனம். வயல் வானம் பார்த்த பூமி. மழை தவறினால் விதைத்ததுகூடத் திரும்பாது. ஆடோ எந்த வறட்சியிலும் எதையாவது தின்று பிழைக்கும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஒன்றை ஓட்டிக்கொண்டு சந்தைக்குப் போய்க் காசோடு திரும்பலாம். நம் இராமநாதபுரத்திலும் புதுக்கோட்டையிலும் ஆடு வளர்ப்பவரைக் கேட்டால் இதைத்தான் சொல்வார். தீவனச் செலவு மலையின் கணக்கில் போனது. மலைக்கு யாரும் கணக்கு வைக்கவில்லை.

கதை திரும்பியது ஒரு மண் அணையால். 1976இல் ஓடை ஒன்றின் குறுக்கே மிஸ்ரா குழுவினர் கட்டிய அணை அது. கட்டியது மண்ணைத் தடுக்க; பாசனத்துக்காக அல்ல. மறு ஆண்டு மழை பொய்த்தது. கோதுமை வாடிக்கொண்டிருந்தபோது மேலே அணையில் தண்ணீர் சும்மா கிடந்தது. அதைத் திறந்து வயலுக்கு விட்டார்கள். பயிர் பிழைத்தது. அதுவரை அரசாங்க வேலையாக இருந்த அணை அந்தப் பருவத்தில் ஊர்ச் சொத்தாக மாறத் தொடங்கியது. அணை தூராமல் இருக்க வேண்டுமானால் அதற்கு மேலே உள்ள மலையில் புல் வேண்டும் என்று யாரும் பாடம் நடத்தத் தேவைப்படவில்லை. சண்டிகர் ஏரியில் நடந்தது நம் அணையிலும் நடக்கும் என்பது கண்ணெதிரே தெரிந்தது.

அப்படியும் மேய்ச்சல் முழுதாக நிற்கவில்லை. அணைத் தண்ணீர் பாய்ந்தது சிலருடைய வயலுக்கு மட்டும். நிலம் இல்லாதவருக்கும், தண்ணீர் எட்டாத மேட்டில் நிலம் வைத்திருப்பவருக்கும் அணையால் ஒரு சொட்டு லாபம் இல்லை. மலையை மூடினால் நட்டம் மட்டும் அவர்களுக்கு. அவர்கள் ஏன் ஆட்டைக் கட்டிப் போட வேண்டும்?

இந்த இடத்தில் சுக்கோமாஜ்ரி எடுத்த முடிவுதான் உலகம் முழுவதும் பேசப்படுவது. தண்ணீர் நிலத்துக்கு அல்ல, வீட்டுக்கு என்று வைத்தார்கள். பத்து ஏக்கர் வைத்திருப்பவர் வீட்டுக்கும், ஒரு சென்ட்கூட இல்லாதவர் வீட்டுக்கும் சம பங்கு. நிலம் இல்லாதவர் தன் பங்குத் தண்ணீரை வேறொருவருக்கு விற்கலாம், அல்லது தண்ணீரைக் கொடுத்து விளைச்சலில் பங்கு கேட்கலாம். ஈடாக எல்லாரும் மலையில் மேய்ப்பதை நிறுத்த வேண்டும். கம்பி வேலி போடவில்லை, காவலர் இல்லை. இதற்குச் சமூக வேலி என்று பின்னால் பெயர் வந்தது. கணக்குப் பார்க்கவும் சண்டை தீர்க்கவும் மலை வள மேலாண்மைச் சங்கம் ஒன்று அமைந்தது.

தமிழ்நாட்டு வாசகர் இதைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். நம் ஏரி, கண்மாய்களின் நிர்வாகத் திறமையைப் பற்றி எவ்வளவோ பெருமையாகப் பேசுகிறோம். மடை, கலிங்கு, நீர்க்கட்டி, முறைப்பாசனம் எல்லாம் பெருமைக்கு உரியவையே. ஆனால் கண்மாய்த் தண்ணீரில் பங்கு ஆயக்கட்டில் நிலம் உள்ளவருக்குத்தான். கரையில் மண் சுமந்த கூலிக்காரருக்குத் தண்ணீரில் பாத்தியதை கிடையாது. அந்த ஒரு விஷயத்தில் அறுபது வீட்டு குஜ்ஜர் கிராமம் நம் கண்மாய் மரபைத் தாண்டிப் போனது.

மற்றவை ஒன்றைத் தொட்டு ஒன்றாக நடந்தன. இரண்டாம் போகம் உறுதியானதும் வைக்கோல் கூடியது. மலையில் ஆடு ஏறாததால் புல் எழுந்தது. அதை அறுத்து வந்து கட்டுத்துறையில் போட்டார்கள். கட்டித் தீனி போட்டு ஆட்டை வளர்ப்பதைவிட எருமை வளர்ப்பது லாபம். ஆடுகள் குறைந்து எருமைகள் பெருகின. பால் ஊரை விட்டு வெளியே போக ஆரம்பித்தது. 1979க்கும் 1984க்கும் நடுவே ஒரு குடும்பத்தின் சராசரி ஆண்டு வருமானம் சுமார் 10,000 ரூபாயிலிருந்து 15,000 ரூபாய்க்கு ஏறியது. 1992இல் மலையில் ஹெக்டேருக்கு 1,272 மரங்கள் நின்றன. சுக்னா ஏரிக்கு வரும் வண்டல் 90 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. நகரத்து ஏரியைக் காப்பாற்றுவதற்குத் தொடங்கிய வேலை, நகரம் கவனிக்காத நேரத்தில் அதையும் செய்து முடித்திருந்தது.

பாபர் புல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிவாலிக் சரிவில் தானாக வளரும் நீளமான, நார்ப்பிடிப்புள்ள புல். முறுக்கினால் கட்டில் பின்னக் கயிறு, கூழாக்கினால் காகிதம். வனத்துறை அதை ஏலம் விட்டு ஒப்பந்ததாரருக்குக் கொடுத்துவந்தது. அவர் எடுத்து ஆலைக்கு அனுப்புவார். புல் வளர்ந்த மலையின் அடியில் குடியிருந்தவர், தனக்கு வேண்டிய கைப்பிடியை ஒப்பந்ததாரரிடம் விலைக்கு வாங்க வேண்டும். இந்தக் குத்தகை ஊர்ச் சங்கத்தின் கைக்கு மாறியபோது புல்லுக்கும் ஊருக்கும் ஒரே நேரத்தில் நல்ல காலம் பிறந்தது. சுற்றுச்சூழல் எழுத்தாளர்கள் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் இந்த ஊரை நாடறியச் செய்தார்கள். மலை வளத்தில் வந்த வருமானத்துக்காக வருமான வரி விதிக்கப்பட்ட முதல் இந்தியக் கிராமம் இதுதான் என்ற செய்தியும் அவர்கள் வழியாகவே பரவியது. வரி கட்டச் சொல்வது இவ்வளவு பெரிய பாராட்டாக இருந்தது வேறெங்கும் இல்லை.

பொது நிலம் என்றால் நாசம்தான் என்று அப்போது படித்தவர்களில் பலர் நம்பினார்கள். அமெரிக்க உயிரியலாளர் காரெட் ஹார்டின் 1968இல் எழுதிய கட்டுரை அதற்கு ஒரு காரணம். பொது மேய்ச்சல் நிலத்தில் ஒவ்வொருவரும் இன்னொரு மாட்டைச் சேர்த்துவிடத்தான் பார்ப்பார், கடைசியில் நிலமே பாழாகும் என்பது அவர் வாதம். கேட்பதற்குச் சரியாகவே இருக்கும். ஆனால் அவர் சொன்ன மேய்ச்சல் நிலம் கற்பனை; அங்கே மேய்ப்பவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதே இல்லை. அமெரிக்க அரசியல் அறிவியலாளர் எலினோர் ஆஸ்ட்ரம் நிஜமான மேய்ச்சல் நிலங்களையும் மீன்பிடித் துறைகளையும் பாசன வாய்க்கால்களையும் தேடிப் போய்ப் படித்தார். பல இடங்களில் மக்கள் நூற்றாண்டுக் கணக்கில் தங்களுக்குள் விதி வைத்துப் பொதுச் சொத்தைக் காப்பாற்றி வந்திருப்பதைக் காட்டினார். 2009இல் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர்.

பொது நிலம் ஏழைக்கு எவ்வளவு பெறும்? இந்தியாவில் இதை உருப்படியாக எண்ணிப் பார்த்தவர் பொருளியலாளர் என்.எஸ். ஜோதா. தமிழ்நாடு உட்பட ஏழு மாநிலங்களில் எண்பதுக்கு மேற்பட்ட வறண்ட கிராமங்களில் அவர் எடுத்த கணக்கு 1986இல் வெளியானது. விறகு, தழை, தீவனம், கிழங்கு, பழம், பிசின் என்று பொது நிலத்திலிருந்து எடுத்ததற்கெல்லாம் விலை போட்டுப் பார்த்தார். ஏழைக் குடும்பங்களின் வருமானத்தில் 14 முதல் 23 சதவீதம் அங்கிருந்து வந்தது. வசதியானவர்களுக்கு அது மிகச் சொற்பம். அரசின் எந்தப் புள்ளிவிவரத்திலும் இந்தப் பணம் இல்லை, ஏனென்றால் இது பணமாகக் கைமாறுவதே இல்லை. பெண்ணின் தலைச்சுமையாக வந்து அடுப்பில் எரிந்து முடிந்துவிடும்.

அதே கிராமங்களில் 1950களுக்குப் பிறகு பொது நிலத்தின் பரப்பு மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை சுருங்கியிருந்தது. ஏழைகளுக்குப் பிரித்துத் தருகிறோம் என்ற பெயரில் போனதும் அதில் உண்டு. பிரித்ததில் கணிசமான பகுதி ஏற்கெனவே நிலம் உள்ளவர்களுக்கே போய்ச் சேர்ந்தது என்பது அவருடைய இன்னொரு கண்டுபிடிப்பு. நம் ஊரில் மேய்க்கால் புறம்போக்கு, மந்தைவெளிப் புறம்போக்கு, ஏரிப் புறம்போக்கு என்று வருவாய்த்துறை ஏட்டில் எத்தனை வகை. புறம்போக்கு என்றால் பட்டா போடாத, எல்லாருக்கும் பொதுவான இடம் என்று பொருள். சென்னைத் தெருவில் இன்று அந்தச் சொல் வசவு. நிலத்துக்கு நேர்ந்த கதி சொல்லுக்கும் நேர்ந்தது.

இந்தச் சரிவுக்கு எதிர்த்திசையில் போன ஊரும் உண்டு. மகாராஷ்டிரத்தில் அகில்யாநகர் (முன்பு அகமதுநகர்) மாவட்டத்து ஹிவ்ரே பஜார் பலரும் அறிந்த ஊர்; இங்கே சுருக்கமாகப் பார்த்தால் போதும். மழை மறைவுப் பகுதி. 1989இல் போபட்ராவ் பவார் ஊர்த் தலைவரானார். எம்.காம். படித்தவர், கிரிக்கெட் ஆட்டக்காரர். திறந்த மேய்ச்சலையும் மரம் வெட்டுவதையும் ஊர்க்கூட்டம் தடுத்தது. சரிவு முழுக்கச் சம உயர வரப்புகளை வேலை உறுதித் திட்டக் கூலியில் ஊராரே வெட்டினார்கள். பாசனத்துக்கு ஆழ்குழாய் போடக் கூடாது, கரும்பும் வாழையும் வைக்கக் கூடாது என்று விதித்துக்கொண்டார்கள். இந்த இரண்டாவது பகுதிதான் அந்த ஊரை மற்ற முன்மாதிரிக் கிராமங்களிலிருந்து பிரித்துக் காட்டுவது. தண்ணீர் சேர்த்த ஊர்கள் இந்தியாவில் நூற்றுக்கணக்கில் உண்டு. சேர்த்த தண்ணீரை நாலு பணக்காரர் மோட்டார் வைத்து உறிஞ்சாமல் தடுத்த ஊர்கள் குறைவு. மழைமானியில் பதிவான அளவையும் கிணறுகளின் நீர்மட்டத்தையும் வைத்து ஆண்டுதோறும் ஊர்க்கூட்டத்தில் தண்ணீருக்கு வரவு செலவுக் கணக்குப் போடுகிறார்கள். முதலில் மனிதருக்கும் மாட்டுக்கும் குடிக்க. பிறகு நிலத்தடியில் இருப்பாக. மிச்சத்துக்கு ஏற்றபடி பயிர். மழை குறைந்த ஆண்டில் என்ன விதைக்கக் கூடாது என்பதைக் கூட்டம் சொல்லும். 1995 கணக்கெடுப்பில் 168 குடும்பங்கள் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தன. 1998இல் 53. பதினைந்து ஆண்டில் மூன்று.

எல்லா ஊர்க் கதையும் இப்படி ஏறுமுகமாகவே முடிந்துவிடுவதில்லை. சுக்கோமாஜ்ரியே அதற்குச் சாட்சி. வீட்டுக்கு ஒரு பங்கு என்ற தண்ணீர் முறை நாளடைவில் நழுவி, மணிக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கும் முறையாயிற்று. காட்டு வருமானத்தில் அரசின் கை நீண்டது, அதற்கேற்பச் சங்கத்தின் பிடி தளர்ந்தது. அணைகளில் வண்டல் சேர்ந்தது, குழாய்கள் பழுதாயின. பஞ்ச்குலாவும் சண்டிகரும் ஊரை நோக்கி வளர்ந்து வந்ததால் இளைஞர்களுக்கு எருமையைவிட நகரத்து வேலை மேலாகத் தெரிந்தது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பங்கு கரைந்தபோது அக்கறையும் கரைந்தது என்பதைக் கவனிக்காமல் இருக்க முடியாது.

மலை, தண்ணீர், புல். இனி மரம். அதற்கு ஆப்பிரிக்காவுக்குப் போக வேண்டும்.

நைஜர் நாட்டின் தென்பகுதி. சஹாராவின் விளிம்பில் கிடக்கும் மணல் வயல்கள். நாம் கூழாகவும் களியாகவும் உண்ணும் கம்பு, பல ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் இந்த வறண்ட பட்டையில்தான் முதன்முதலில் பயிராகி, பிறகு இந்தியா வந்து சேர்ந்தது. அங்கே இன்றும் அதுவே உயிர்ப் பயிர். 1980களின் தொடக்கத்தில் மராதி பகுதியில் டோனி ரினாடோ என்ற ஆஸ்திரேலிய வேளாண் வல்லுநர், ஒரு கிறித்தவத் தொண்டு அமைப்பின் சார்பில் மரம் நட்டுக்கொண்டிருந்தார். நட்டதில் பெரும்பாலானவை காய்ந்தன, மிஞ்சியதை ஆடு தின்றது. ஊரார் அவரைக் கிறுக்கர் என்றார்கள்.

1983இல் ஒரு நாள் வண்டி நிறையக் கன்றுகளோடு போனவர், மணலில் சக்கரம் புதையாமல் இருக்கக் காற்றைக் குறைக்க இறங்கினார். சுற்றிலும் வெட்டவெளி. இத்தனை நட்டும் ஒன்றும் தேறவில்லையே என்ற சலிப்போடு நிமிர்ந்தவர் கண்ணில் ஒரு புதர் பட்டது. தினமும் பார்க்கிற களைதான். கிட்டே போய் இலையைப் பார்த்தார். களை இல்லை, மரம். வெட்டிய அடிக்கட்டை மறுபடி தழைத்திருந்தது. திரும்பிப் பார்த்தால் வயல் முழுக்க அப்படிப்பட்ட புதர்கள். உழவர்கள் ஆண்டுதோறும் விதைப்புக்கு முன்னால் அவற்றை வெட்டித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். மேலே பாலைவனம் என்று நினைத்த இடத்துக்குக் கீழே ஒரு காடே வேரோடு காத்திருந்தது.

வித்தை எளிது. கரும்பில் மறுதாம்பு விடுவது நமக்குப் புதிதா? ஒரு கட்டையில் இருபது முப்பது தளிர் கிளம்பும். நேராகவும் தடியாகவும் உள்ள நாலைந்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அறுத்துவிட வேண்டும். வைத்ததிலும் கீழ்ப்பாதிக் கிளைகளைக் கழிக்க வேண்டும். வேர் ஏற்கெனவே ஆழத்தில் தண்ணீரைத் தொட்டு நிற்பதால் கன்றைப் போல ஊற்றி வளர்க்க வேண்டியதில்லை. ஆண்டுக்கு ஒன்றை விறகுக்கு வெட்டினால் அந்த இடத்தில் அடுத்தது எழும். செலவு என்று பார்த்தால் ஒரு கத்தி.

அப்படியானால் அந்த உழவர்கள் இத்தனை காலம் ஏன் வெட்டிக்கொண்டிருந்தார்கள்? அறியாமை என்று சொல்வது சுலபம். பிரெஞ்சு ஆட்சிக் காலத்திலிருந்து அங்கே மரம் அரசின் சொத்து. உங்கள் வயலில் நின்றாலும் கிளையை ஒடித்தால் வனக்காவலர் அபராதம் போடுவார். வயலில் மரம் வளர்ந்தால் உழவருக்கு வில்லங்கம் மட்டும் மிச்சம். அதனால் மரமாகும் முன்பே களையாகக் கருதிப் பிடுங்கினார்கள். இதில் அவர்கள் தப்பு என்ன? ரினாடோ வட்டார வனத்துறை அதிகாரிகளிடம் போய்ப் பேசி, மரத்தைக் காக்கிறவர் வெட்டினால் கண்டுகொள்ளாமல் விடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். சட்டம் மாறவில்லை; சட்டத்தின் கை சற்றுத் தளர்ந்தது.

1984இல் பஞ்சம் வந்தது. வேலைக்கு உணவு திட்டத்தில், வயலில் மரங்களை வளரவிட வேண்டும் என்பதையும் ஒரு நிபந்தனையாக வைத்தார்கள். சுமார் 5 லட்சம் மரங்கள் எழுந்தன. பஞ்சம் தீர்ந்து உணவு நின்றதும் அவற்றில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வெட்டப்பட்டன. தோல்வி என்று எழுதி மூடியிருக்கலாம். ஆனால் மிச்ச மரங்களை விட்டு வைத்திருந்தவர்களின் வயலைப் பக்கத்து வயல்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சஹாராவை ஒட்டிய இந்த சஹேல் பகுதியில் பருவத் தொடக்கக் காற்று மணலை வாரி இறைத்து இளம் பயிரைப் புதைத்துவிடும். மூன்று முறை, நான்கு முறை மறுவிதைப்புச் செய்ய வேண்டியிருக்கும். மரம் நின்ற வயலில் ஒரே விதைப்புப் போதுமாக இருந்தது. தழை உதிர்ந்து மண்ணுக்கு உரமானது, மாடு நிழலுக்கு வந்து சாணம் போட்டது. விறகை விற்றால் உடனே காசு.

அந்த வயல்களின் ராசா, கவோ என்று அங்குள்ள ஹவுசா மக்கள் சொல்லும் மரம். நம் வேலமரத்துக்கு உறவு. ஊரே பச்சையாகும் மழைக்காலத்தில் அது இலையை உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும். கோடையில் எல்லாம் காயும்போது தழைக்கும். ஆகவே கம்பு வளரும் நாளில் மரத்தடியில் வெயில் தாராளமாக விழுகிறது. மாட்டுக்கு ஒன்றும் கிடைக்காத நாளில் மரம் தழையும் காயும் தருகிறது. வேரில் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மண்ணில் சேர்க்கவும் செய்கிறது. வயலுக்காகவே ஒரு மரத்தை உருவாக்கச் சொல்லியிருந்தாலும் இதைவிடப் பொருத்தமாக யாரும் உருவாக்கியிருக்க மாட்டார்கள்.

இருபது ஆண்டு இது வெளி உலகத்துக்குத் தெரியாமலே பரவியது. நெதர்லாந்துப் புவியியலாளர் கிறிஸ் ரெய்யும், அமெரிக்க நிலவியல் அளவைத் துறையின் கிரே டாப்பனும் 1970களின் வான்படங்களையும் 2000களின் செயற்கைக்கோள் படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது அசந்துபோனார்கள். தென் நைஜரில் சுமார் 50 லட்சம் ஹெக்டேர் பச்சையாகியிருந்தது. ஏறக்குறைய 20 கோடி மரங்கள். ஒன்றுகூட நட்டது அல்ல. ஆண்டுக்கு 5 லட்சம் டன் தானியம் கூடுதலாக விளைகிறது, அது 25 லட்சம் பேருக்கு உணவு என்று ரெய் மதிப்பிட்டார். ஸிண்டர் பகுதியில் பெண்கள் விறகுக்காக நாளுக்கு இரண்டரை மணி நேரம் நடந்த காலம் போய், அரை மணியில் வேலை முடிந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் நைஜீரியா. அதே மண், மழை சற்றுக் கூடவே. படத்தில் அந்தப் பக்கம் வெறிச்சென்று தெரிந்தது. பெரும் பணம் செலவழித்து மரம் நடும் திட்டங்கள் நடந்த பக்கம் அது.

நைஜர் இன்றும் உலகின் மிக ஏழை நாடுகளில் ஒன்று என்பதை மறைக்க வேண்டியதில்லை. 1980களின் தொடக்கத்தில் 70 லட்சத்துக்குள் இருந்த மக்கள்தொகை இன்று இரண்டரைக் கோடியைத் தாண்டிவிட்டது. மரம் பள்ளிக்கூடம் கட்டித் தராது, மருத்துவரைக் கூட்டி வராது. வறுமை ஒழிப்பின் மந்திரக்கோலாக இதைக் காட்டும் அறிக்கைகளை நம்ப வேண்டாம். ஆனால் 2005இல் அங்கே மறுபடி உணவு நெருக்கடி வந்தபோது, மரம் இருந்த ஊர்களில் கிளையை வெட்டி விற்றுத் தானியம் வாங்க முடிந்தது. மரம் இல்லாத ஊரில் விற்பதற்கு அதுவும் இல்லை.

ரினாடோவுக்கு 2018இல் மாற்று நோபல் என்று சொல்லப்படும் விருது கிடைத்தது. தன் வயலில் தானே காத்து வளர்த்த மரத்தின் மீது உழவருக்கு உரிமை உண்டு என்று நைஜர் அரசு ஆணை பிறப்பித்தது 2020 ஜூலையில். மணல் பாதையில் டயரின் காற்றைக் குறைத்த நாளிலிருந்து அதற்கு 37 ஆண்டு பிடித்தது.